வாசப்படியக்காவின் ஒரு சாண்

பஸ் ஓட்டுவது பெரிய வித்தை என்று யாராவது புகழ்ந்தால் வாசப்படியக்காவுக்குச் சிரிப்பு வரும். "ஓட்டுறதுல என்ன இருக்கு? ரோடு இருக்கு, சக்கரம் இருக்கு, அது பாட்டுக்குப் போவும். நிறுத்துறதுலதான் இருக்கு சமாச்சாரம்" என்பார்.

மற்ற டிரைவர்கள் நிறுத்துவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஒருவர் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிறுத்தி ஜனங்களை ஓட்டப்பந்தயம் ஓட விடுவார். இன்னொருவர் நடுரோட்டில் நிறுத்திவிட்டு, வேண்டுமென்றால் ஏறு என்பது போல முன்னால் பார்த்துக்கொண்டிருப்பார். நம்ம அக்காவின் பஸ் நடைபாதையோடு ஒட்டி வந்து நிற்கும். முன்கதவு வரிசையில் முதலில் நிற்பவரின் காலடியில் திறக்கும். முழங்கால் வலிக்காரர், கைக்குழந்தைக்காரி, மூட்டை தூக்கி வந்தவர் எல்லாரும் சொந்த வீட்டு வாசப்படி ஏறுவது போல ஏறுவார்கள். அப்படித்தான் அந்தப் பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

இதில் அவருக்குப் பெருமை உண்டா என்று கேட்டால், உண்டு, நிறைய உண்டு. மறைக்கவும் மாட்டார். "இருக்கிறதைச் சொன்னா தலைக்கனமா? இல்லாததைச் சொன்னாத்தான் தலைக்கனம்" என்று சொல்லி, கேட்டவர் வாயை அடைத்துவிடுவார்.

அந்தப் பெருமைக்கெல்லாம் முத்திரை குத்தியவர் ஒரு டெலிபோன்காரர். பெரிய ஆஸ்பத்திரியில் வருகிற அழைப்புகளை எடுத்து, அந்தந்த வார்டுக்கு மாற்றிவிடுகிற வேலை. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. தினமும் காலையில் பூங்கா நிறுத்தத்தில், விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பார். வேறு பஸ் வந்தால் கோலால் படியைத் தட்டிப் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துத்தான் ஏறுவார். அக்காவின் பஸ் என்று எஞ்சின் சத்தத்திலேயே தெரிந்துவிட்டால், கோலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நேராகக் காலை எடுத்து வைப்பார். கால் படியில்தான் விழும். ஏறியதும், "வணக்கம்கா, நல்லா தூங்கினீங்களா?" என்பார். "உங்களுக்கு முன்னாடியே எழுந்துட்டேன், போய் உக்காருங்க" என்பார் அக்கா. கண்ணுள்ளவன் நம்புவதற்கே ஆயிரம் யோசனை செய்கிற காலத்தில், ஒரு மனுஷன் கண்ணில்லாமல் தன்னை நம்பிக் காலெடுத்து வைக்கிறான் என்பதுதான் அவருக்குக் கிடைத்த பதக்கம்.

ஓய்வு பெறும் வயது வந்தது. உடனே வீட்டுக்குப் போய்த்தான் ஆகவேண்டும் என்றில்லை. கண்ணும் காதும் சரியாக இருந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். டாக்டர் நன்றாகப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டார். டிப்போ மேனேஜரோ ஆள் கிடைக்காமல் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவர். "அக்கா, நீங்களும் போய்ட்டா நான் எங்க போய் முட்டிக்கிறது?" என்று பார்க்கும்போதெல்லாம் புலம்பினார். வீட்டிலோ அக்காவின் கணவர், அச்சகத்திலிருந்து எப்போதோ ஓய்வு பெற்று அடுப்படியைக் கைப்பற்றியிருந்தவர், "போதும்மா, வந்துடு. சூடா சாப்பிட ஒரு ஆள் வேணும் எனக்கு" என்றார்.

அக்காவுக்கு இரண்டு பக்கமும் இழுபறி. ஒரு நாள் கூடுதலாக இருந்து பேரைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் முன்னால் போய் வீட்டில் கையைப் பிசைந்துகொண்டு உட்காரவும் கூடாது. அந்தச் சரியான நாள் எது? பஸ்ஸை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவருக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். தன்னை எங்கே நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

ஒரு காலை அதுவும் தெரிந்தது. மழை இல்லை, பனி இல்லை, வெளிச்சம் பளிச்சென்று இருந்தது, சாக்குச் சொல்ல ஒன்றும் கிடையாது. எப்போதும் போலத்தான் பூங்கா நிறுத்தத்தில் ஒடித்து நிறுத்தினார். கதவைத் திறந்தார். டெலிபோன்காரர் கோலை மடக்கினார், காலை எடுத்து வைத்தார். கால் படியில் விழவில்லை. நடைபாதைக்கும் படிக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இறங்கியது. முழங்காலுக்குக் கீழே படியின் விளிம்பு உரசியது. பின்னால் நின்ற பெண் ஒருத்தி தோளைப் பிடித்திருக்காவிட்டால் குப்புற விழுந்திருப்பார்.

அக்கா பதறி எழுந்திருக்கப் போனார். அதற்குள் டெலிபோன்காரர் கம்பியைப் பிடித்து மேலே ஏறி, காலைத் தடவிக்கொண்டே, டிரைவர் சீட் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"என்ன தம்பி, புதுசா? அக்கா இன்னைக்கு லீவா? பரவாயில்லப்பா, பயப்படாதே. போகப் போகப் பழகிடும்."

அக்கா வாயைத் திறக்கவில்லை. திறந்தால் குரல் தெரிந்துவிடும். "நான்தான்" என்று சொல்ல நாக்கு வரை வந்தது, அங்கேயே நின்றுகொண்டது. அன்று ஆஸ்பத்திரி வரைக்கும் பஸ் ஊமையாகத்தான் போனது.

டூட்டி முடிந்ததும் நேராக மேனேஜர் அறைக்குப் போனார்.

"சார், இந்த மாசத்தோட நான் கிளம்புறேன்."

"என்னக்கா திடீர்னு? வீட்ல ஏதாவது பிரச்சினையா?"

அக்கா நடந்ததைச் சொன்னார். மேனேஜருக்கு நம்பவே முடியவில்லை. "ஒரு சாண் தள்ளி நிறுத்தினதுக்கா? எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்னு கேட்டிருக்கேன், உங்களுக்கு ஒரு சாண் சந்துதான் பிரதானமா? அவருக்குப் பெரிய அடியும் படல, யாரும் புகாரும் குடுக்கல."

"அந்த ஒரு சாண்தான் சார் என் வேலை. மத்ததையெல்லாம் பஸ்ஸே பாத்துக்கும்."

மேனேஜர் கெஞ்சினார், கோபித்தார், டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு அக்கா கையெழுத்துப் போட்டார். கடைசி நாளில் நிறுத்தத்துக்கு நிறுத்தம் உயிரைக் கொடுத்து நிறுத்தினார். கதவுகள் நடைபாதையை முத்தமிட்டுத் திறந்தன. டெலிபோன்காரர் அன்று கோலை மடக்கிக்கொண்டே ஏறி, "அக்கா, நடுவுல ஒரு நாள் யாரோ ஒரு பையன் வந்தான், என்னைப் பாதாளத்துல இறக்கிட்டான்" என்று சிரித்தார். அக்காவும் சிரித்து வைத்தார். அன்றே விடைபெறுவதாகச் சொன்னபோது அவர் சிரிப்பு நின்றுபோனது.

அதன் பிறகுதான் இருக்கிறது கூத்து. முதல் வாரம் அக்கா வீட்டிலுள்ள கட்டில், பீரோ எல்லாவற்றையும் சுவரோடு சுவராக, விரல் நுழையாதபடி தள்ளி வைத்தார். இரண்டாவது வாரம் அடுப்படிக்குள் புகுந்து டப்பாக்களை வரிசை மாற்றினார். உப்பு என்று நினைத்துச் சர்க்கரையைக் குழம்பில் அள்ளிப் போட்ட கணவர், கரண்டியோடு கூடத்துக்கு வந்துவிட்டார்.

"இதோ பாரு, இது என் டிப்போ. இங்க நான்தான் மேனேஜர். வெங்காயம் உரிக்கிற வேலை காலியா இருக்கு, இஷ்டம்னா சேரு."

"சம்பளம்?"

"சாப்பாடு."

அக்கா சேர்ந்தார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒரு நாள் தன் பழைய பஸ்ஸிலேயே பயணியாக ஏறினார். ஏற முடிந்தால் அல்லவா? புது டிரைவர் நடைபாதையை விட்டு ஒரு ஆள் படுத்து உருளும் தூரத்தில் நிறுத்தியிருந்தான். ரோட்டில் இறங்கி, படியில் தாவி ஏறினார். அடுத்த நிறுத்தத்திலும் அதே கதை. அக்காவின் கால் தரையில் இல்லாத பிரேக்கைத் தேடி மிதித்தது, வாய் தானாகத் திறந்தது. "ஏன் தம்பி, நடைபாதை உன்னைக் கடிக்குமா?"

"இஷ்டம்னா வாங்க, இல்லன்னா ஆட்டோல போங்க" என்றான் அவன், திரும்பிப் பார்க்காமலே.

பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது. "ஏங்க, நான் பைத்தியக்காரியா? ஒரு சாணுக்காக வேலையை விட்டுட்டு வந்தேன். அவன் ஒரு முழு ஆளையே நடுவுல படுக்க வைக்கலாம், அவ்ளோ தள்ளி நிறுத்துறான். அவனெல்லாம் ஓட்டுறான், நான் வெங்காயம் உரிக்கிறேன்! அவசரப்பட்டுட்டேனோ?"

தெரியாததைத் தெரிந்தது போலப் பேசுகிற பழக்கம் கணவருக்கு இல்லாததால், தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டார். அக்கா சாப்பிட்டார், ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அவரை விடவில்லை. வெங்காயம் உரிக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொள்ள வசதியாக இருந்தது.

பிறகு ஒரு காலை, மகள் வீட்டுக்குப் போக இரண்டு பேரும் தங்கள் பழைய காரில் கிளம்பினார்கள். அக்கா ஓட்ட, கணவர் பக்கத்தில் மடியில் குழம்புப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். பேச்சு சுவாரசியத்தில் கார் பழைய தடத்தில் திரும்பியதை இருவரும் கவனிக்கவில்லை. பூங்கா வந்தது. அக்காவின் கைகள் யாரையும் கேட்காமல் ஸ்டீயரிங்கை ஒடித்தன. கார் நடைபாதையோடு ஒட்டி, குழம்பு ஒரு சொட்டு தளும்பாமல் நின்றது. அவர் கை முன்னால் போய், கதவு திறக்கிற பொத்தானைத் தேடித் துழாவியது.

"என்னம்மா, யாரை ஏத்தப் போற?" என்றார் கணவர்.

அப்போதுதான் அக்காவுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. "ஐயையோ" என்று கியரைப் போடப் போனவர், ஜன்னல் வழியே பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார். விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் டெலிபோன்காரர் நின்றிருந்தார். காரின் பின்கதவு சரியாக அவர் காலடியில் இருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். கம்பிக்காகக் கையை உயர்த்தினார், கை காற்றில் துழாவி, கீழே இறங்கி, காரின் கூரையில் பட்டது. முகம் மலர்ந்தது.

"என்ன இது, பஸ் குட்டி போட்டிருக்கா? அக்காதானே உள்ள?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் அக்கா.

"எஞ்சின் சத்தம் கார்னு சொல்லுது. நிறுத்தினது நீங்கன்னு சொல்லுது. இத்தனை பேர் வந்தாச்சு போயாச்சு, என் கால்கிட்ட வந்து நிக்க வேற யாருக்குத் தெரியும்? உங்க கையால ஒரு நாள்கூட நான் தடுக்கினதில்லையே! நீங்க லீவுல இருந்தப்ப வந்த அந்தப் பையன்தான் ஒரு தடவை கவுத்துவிட்டான்."

கணவருக்கு எல்லாம் தெரியும். அவர் குழம்புப் பாத்திரத்தின் மூடியைப் பார்த்துக்கொண்டு இருமினார். அக்கா கண்ணாடியில் தன் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பையனா? அவனை அன்னைக்கே நான் வேலையை விட்டுத் தூக்கிட்டேன்" என்றார். "ஏறுங்க, ஆஸ்பத்திரில விடுறேன்."

கணவர் கையைப் பின்னால் நீட்டிக் கதவைத் திறந்துவிட்டார். டெலிபோன்காரர் கோலை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தட்டிப் பார்க்காமல் காலை எடுத்து உள்ளே வைத்தார்.