கிளிப்பச்சை அறையில் நிறம் திருத்தியவள்

சொன்னால் சிரிப்பீர்கள். ஷாமினி வீடியோவுக்கு நிறம் திருத்தக் கற்றுக்கொண்டதே கொமுட்டர் ரயிலில் ஏறத்தான்.

கல்யாணத்துக்கு முன்னால் சுங்கை வே தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவள். தாலி ஏறியதும் பண்டமாரானில் புகுந்த வீட்டுக்கு வந்தாள்; வந்தவள் வந்தவள்தான். கணவன் முகுந்தன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறான், விடிந்தால் போய்விடுவான். மாமியார் இராஜம்மா மருமகளை ஒரு சொல் கடிந்து பேசியதில்லை. வாசல் தாண்ட விட்டதுமில்லை. "பாசாருக்குக் காய் வாங்க நான் போறேன் மா, உனக்கெதுக்கு இந்த வெயிலு?" என்பார். அன்புதான். அந்த அன்பில் ஷாமினிக்கு மூச்சு முட்டியது.

வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டதற்கு முகுந்தன், "கிடைச்சா போ லா, நான் என்ன கட்டியா போட்டிருக்கேன்?" என்றான். அந்த வார்த்தையை அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ரயிலேறிப் போகிற தூரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கும் கமலநாதன், நிறம் திருத்த ஆள் தேடுவதாக ஃபேஸ்புக்கில் போட்டிருந்தார். கேமராவிலிருந்து வெளிறிப்போய் வரும் படத்தில், முகத்துக்கு அதன் நிறத்தையும் கூறைப் புடவைக்கு அதன் சிவப்பையும் திருப்பித் தரும் வேலை. படுக்கையறையில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, யூடியூப் பார்த்துத் தானே கற்றாள். முதலில் அள்ளிப் பூசினாள். மாப்பிள்ளைக்கு லிப்ஸ்டிக் போட்ட மாதிரி ஆயிற்று. பிறகு கை அடங்கியது.

கமலநாதன் ஒரு கல்யாணத் துண்டை அனுப்பிச் சோதித்தார். திருத்தி அனுப்பினாள். குரல் செய்தி வந்தது: "நல்ல முயற்சி மா. ஆனா பொண்ணு, மாப்பிள்ளை, ஐயர் எல்லாருக்கும் ஒரே நேரத்துல மஞ்சக்காமாலையா?"

ஷாமினி படத்தை மறுபடி போட்டுப் பார்த்தாள். அறையில் பார்த்தால் முகங்கள் தங்கமாக இருக்கின்றன. லேப்டாப்பை வாசலுக்குக் கொண்டுபோனால் மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியவர். உள்ளேயும் வெளியேயுமாக அலைந்த பிறகுதான் சுவர் கண்ணில் பட்டது. வாஸ்துக்காரர் சொன்னாரென்று தீபாவளிக்கு இராஜம்மா அடிக்கவைத்த கிளிப்பச்சை. அதற்குள்ளேயே கிடந்த கண்ணுக்குப் பச்சை பழகிப்போய், முகங்களை மஞ்சளாக்கிக்கொண்டிருந்த பச்சை தெரியவே இல்லை. யூடியூப்காரர்கள் சாம்பல் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்ததன் காரணம் அப்போதுதான் உறைத்தது. சுவரால் வந்த வினையென்று கமலநாதனுக்கு எழுதி, இன்னொரு வாய்ப்பு கேட்டாள். கொடுத்தார்.

"அத்தை, ரூமுக்கு சாம்பல் கலர் அடிக்கலாமா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த இராஜம்மா நிமிர்ந்தார். "பிள்ளை பொறக்க வேண்டிய ரூம்ல சாம்பலா மா?" என்றார் மெதுவாக. கண்ணும் கலங்கிவிட்டது. ஷாமினி சுவரை விட்டுவிட்டு வேறு இடம் தேடினாள்.

அந்த வீட்டில் சாயம் படாத இடம் ஒன்றுதான். பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படியில், சிமெண்டு பூசியதோடு விட்ட சுவர். வாஷிங் மெஷின் மேல் லேப்டாப்பை வைத்து, நின்றபடியே வேலை செய்தாள். மெஷின் சுற்றினால் மணப்பெண் நடுங்கினாள். நிற்கும்வரை காத்திருந்து, முகம் முகமாகத் திருத்தினாள். தாலி கட்டும்போது பெண்ணின் அப்பாவுக்குக் கண் சிவந்திருந்தது. அதை மட்டும் தொடாமல் விட்டாள்.

மறுநாள் கமலநாதனே கூப்பிட்டார். கை ஈரமாக இருந்ததால் அடுப்படியிலேயே ஸ்பீக்கரில் போட்டாள்; இராஜம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"ஃபர்ஸ்ட் கிளாஸ் மா. வேலை உனக்குத்தான்."

"எப்ப வரணும் பாஸ்?" பக்கத்துக் கிள்ளானில் ரயில் புறப்படும் நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம்.

"இங்கயா? இங்க எதுக்கு? என் ஆபீஸ் சுவரெல்லாம் ஆரஞ்சு. இங்க உட்கார்ந்தா உன் கண்ணு கெட்டுடும். வீட்ல இவ்வளவு அழகா வருதே, அங்கயே செய்யி. டிஸ்க்கை ஆள்கிட்ட குடுத்து விடுறேன். நீ வெளிய வரவே வேணாம்."

இராஜம்மாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "நல்ல மனுசன் லா," என்று சொல்லிக்கொண்டே குக்கரை அடுப்பில் ஏற்றினார். "இங்கயேதானே நிக்கப் போற, விசில் வந்தா நிப்பாட்டிடு மா."

"சரி பாஸ்," என்றாள் ஷாமினி. வேறென்ன சொல்வது? யாரும் அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் இல்லை. கொஞ்சம் மோசமாகச் செய்திருந்தால், சொல்லிக்கொடுக்கவாவது ஆபீஸுக்குக் கூப்பிட்டிருப்பார் என்று தோன்றியபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது.