துரை மூன்று தடவை கேட்டார்

கொழுந்து வாட்டும் மாடியில் துரை பாடிக்கொண்டு நின்ற ஒரு காலைப்பொழுதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. இலங்கையில், ஹட்டனுக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலை அரைக்கிற ஸ்டோரில் நான் வேலை செய்த காலம். வெள்ளைக்காரன் நாட்டைக் கொடுத்துச் சில வருஷம் ஆகியிருந்தது, தோட்டத்தைக் கொடுக்கவில்லை. புதிதாக வந்த இந்தப் பெரிய துரை ஏசமாட்டார், பாடுவார். "ஏசுற தொரயக்கூட நம்பலாம். இவன் எதுக்குப் பாடுறான்னு யாருக்குத் தெரியும்?" என்பார் மாமா. மாமாதான் தோட்டத்துச் சங்கத் தலைவர். சந்தேகப்படுவதும் அவருக்குச் சங்க வேலைதான்.

கேட்டும் பார்த்தும் நான் பொறுக்கிக்கொண்ட இங்கிலீஷை நம்பித் துரை என்னிடம் பேசுவார். தான் இங்கிலீஷ்காரன் இல்லை, வேல்ஸ்காரன் என்பார். அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவராம். இரண்டு யுத்தங்களுக்கும் நடுவே ஒரு வருஷம் கூலித் தகராறில் சுரங்கங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடக்க, அடுப்பெரியாத வீட்டு ஆண்கள் கூட்டமாய்ச் சேர்ந்து தெருத்தெருவாகப் பாடினார்களாம். அந்த வருஷமும் அவர்கள் நாட்டுக் கவிஞர் விழா நிற்கவில்லை. பெரிய கொட்டகை, கொள்ளாத சனம். பரிசு பெற்ற கவிஞரை நாற்காலியில் உட்காரவைக்கும் முன், நீண்ட வாளை உறையிலிருந்து பாதி உருவி, "சமாதானமா?" என்று மூன்று தடவை கேட்பார்களாம். ஒவ்வொரு தடவையும் சனம் "சமாதானம்" என்று முழங்கினால்தான் அந்த மரியாதை நடக்கும். இதைச் சொல்லும்போது துரைக்குக் கண் கலங்கும். மாமாவிடம் சொன்னேன். "சொரங்கத்துக்காரன் மகன் தொரையானது எப்புடின்னு கேட்டியா மாப்ள?" என்றார். கேட்கவில்லை.

துரை வந்த வருஷக் கடைசியில், கொழுந்து நிறுக்கும்போது மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு பெண்களின் எடையில் கைவைக்கிறார் என்று மாமா போய்த் தராசைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே அவருக்குப் பத்துச்சீட்டு வந்தது. சீட்டு வந்தால் வேலை மட்டுமில்லை, லயத்து வரிசைவீட்டில் குடியிருக்கிற காம்பராவும் போகும். பிள்ளைகுட்டிகளோடு ரோட்டில் நிற்க வேண்டியதுதான். முழுத் தோட்டமும் வேலையை நிறுத்தியது.

சில நாள் கழித்து, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்களத்துக்கு எல்லோரையும் துரை வரச்சொன்னார். பனி விலகவில்லை. படியில் ஏறி நின்றவர், இடுப்பிலிருந்த வேட்டைக் கத்தியை உறையிலிருந்து பாதி உருவினார். பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பின்வாங்கினார்கள். "சமாதானமா?" என்றார், தமிழிலேயே.

படியருகே நின்ற எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும். "பயப்படாதீங்க, இது அவுங்க ஊரு வழக்கம், கவிஞர் விழாவுல செய்யிறது" என்று உரக்கச் சொன்னேன்.

"சமாதானத்துக்குக் கத்திய உருவுற ஊரா? நம்ம ஆளுங்க வெத்தல பாக்குல்ல வைப்பாங்க!" என்றார் மாமாவின் மனைவி, என் அத்தை. கூட்டம் சிரித்தது. துரையின் முகம் சிவந்தது. மறுபடி கேட்டார்.

முன்வரிசையில் நின்ற மாமா திரும்பாமலே சொன்னார்: "யாரும் வாயத் தெறக்காதீங்க. ஆமான்னா, என்னய வெரட்டுறதுக்கு நீங்களே தலையாட்டுன மாதிரி."

மூன்றாவது தடவை துரையின் குரல் கெஞ்சுவது போலிருந்தது. யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். பிறகு என் பக்கம் குனிந்து, "சுரங்கம் மூடிய அந்த வருஷ விழாவில் எங்கள் அப்பாவும் பதில் சொல்லவில்லை" என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு நடந்தார். கூட்டத்துக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை. இதற்கும் ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்றுதான் எனக்கே பட்டது.

மறுநாள் சீட்டை வாபஸ் வாங்கினார்கள். சில மாதத்தில் துரையை வேறு எங்கோ மாற்றிவிட்டார்கள். கொழும்பிலிருந்து கம்பெனி பயந்துபோய்ச் சொன்னதா, துரை தானாகச் செய்ததா, செய்ததற்குத்தான் மாற்றினார்களா, எங்களில் யாருக்கும் தெரியாது.

அதே காம்பராவில் இன்று மாமாவின் பேரன் குடியிருக்கிறான். மாமா கிழவரான பிறகு ஒருநாள் அங்கே வைத்துத்தான், துரை என்னிடம் குனிந்து சொன்னதை அவரிடம் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மனசு எளகியிருப்பேன் மாப்ள. எளகி, சமாதானம்னு சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு காம்பராவைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். "நான் அப்புடிச் சொல்லியிருந்தா, இங்க இருந்திருப்போமா?"