நாலாம் ஸ்தலம்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை மாலை, தங்கச் சுரங்கத்தை ஒட்டிய மாரிகுப்பம் கோயிலில் சிலுவைப்பாதை நடந்தது. அதன் பதினான்கு ஸ்தலங்களில், இயேசு தம் தாயைச் சந்திக்கும் நாலாம் ஸ்தலத்தில் முழந்தாளிட்டிருந்தோம். தரை குலுங்கியது. சுரங்கத்தில் எங்கோ பாறை வெடித்திருக்கிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. என் மகன் அப்போது கீழே ஷிப்டில் இருந்தான். செபத்தை அப்படியே விட்டுவிட்டு, ஆட்கள் இறங்கி ஏறும் ஷாப்டுக்கு ஓடினேன்.

ஆட்களை ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே வரும்போதெல்லாம் முகங்களைத் தேடினேன். வெகுநேரம் கழித்துச் சேறு அப்பிய முகத்தோடு அவன் இறங்கினான்.

"இன்னாம்மா, செருப்புகூட இல்லாம வந்துக்கிற?"

"கோயில் வாசல்லயே கெடக்குது. உனுக்கு ஒண்ணும் ஆவலியேடா?"

"பசிதான். சிலுவைப்பாதைய பாதியில உட்டுட்டியா? சாமியாரு திட்டப் போறாரு, போ."

கையைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். "உடும்மா, ஆளுங்க பாக்கறாங்க" என்று நெளிந்தான்; ஆனால் கையை உருவிக்கொள்ளவில்லை.

இயேசுவின் தாய், சிலுவையில் அறையும் இடமான கல்வாரிவரை மகனோடு போனாள். அதை நினைக்க எனக்கு இன்றும் தைரியம் இல்லை. வெள்ளிதோறும் மனம் நாலாம் ஸ்தலத்திலேயே நின்றுவிடுகிறது. உதடுகள் மட்டும் மற்றவர்களோடு முன்னே போகின்றன.