நான் ‘கட்’ சொன்ன நேரம்

நான் பயந்தாங்கொள்ளி. பேட்டிகளில் யாராவது என் படங்களின் ‘துணிச்சலை’ப் பற்றிக் கேட்டால் மீசையைத் தடவிக்கொண்டு சிரிப்பேனே தவிர, உள்ளே உட்கார்ந்திருப்பவன் யாரென்று எனக்குத் தெரியும். முதல் படம் வெளியான வெள்ளிக்கிழமை, செங்கல்பட்டில் ஒரு தியேட்டர் கழிவறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு இடைவேளை வரை உட்கார்ந்திருந்தவன் அவன். வெளியே விசில் சத்தம் கேட்டபோதுகூட, அடிக்க வருகிறார்கள் என்றுதான் நினைத்தேன். அந்தப் படம் ஓடியது. அடுத்ததும் ஓடியது. நாலாவது படத்துக்குப் பிறகு போஸ்டரிலேயே என்னை ‘வெற்றி இயக்குநர்’ என்று போட ஆரம்பித்தார்கள். இனிமேலாவது பயம் குறையும் என்று பார்த்தால், என்ன எழவோ, படத்துக்குப் படம் கூடிக்கொண்டேதான் போனது.

அதற்கு முன் ஏழு வருடம் உதவி இயக்குநராக அலைந்தேன். ஊரப்பாக்கத்தில் நாலு பேர் சேர்ந்து எடுத்த ஒற்றை அறையில் தங்கி, மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு போய் வந்த காலம். அப்போது கற்றது ஒன்று: செட்டில் யார் வேண்டுமானாலும் யோசனை சொல்லலாம், ‘கட்’ மட்டும் இயக்குநர்தான் சொல்ல வேண்டும். நான் இயக்குநரானதும் அதை இன்னும் இறுக்கிக்கொண்டேன். காட்சி முடிந்த பிறகும் ‘கட்’ சொல்ல மாட்டேன். நடிகர் பேச வேண்டியதைப் பேசி முடித்து, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பாரே, அந்த முகம் எனக்கு வேண்டும். பத்திரிகைகள் அதை என் பாணி என்று எழுதின. பாணியாவது மண்ணாவது! நிறுத்தினால் எதையோ தவற விட்டுவிடுவோமோ என்ற உதறல், அவ்வளவுதான். நான் ‘கட்’ சொல்லும் முன் இருமினவனைக்கூட செட்டை விட்டு அனுப்பியிருக்கிறேன்.

ஐந்தாவது படத்தை மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் எடுத்தேன். கதாநாயகனின் அண்ணன் கடலில் போட் கவிழ்ந்து சாகிறான். கதை அங்கேதான் திரும்புகிறது. அந்த அண்ணன் வேடத்துக்கு எந்த நடிகரும் எனக்குப் பிடிக்கவில்லை. குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒருவனைப் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும். வெயிலைப் பார்த்துப் பார்த்துச் சுருங்கிப் போன கண்.

“நடிக்கிறியா தம்பி?” என்றேன்.

“இன்னா சார் வெளாட்றீங்களா? எனுக்கு போட்டோவுல சிரிக்கவே வராது.”

“சிரிக்க வேணாம். செத்தா போதும்.”

பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற அவன் மனைவிக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. “இன்னா பேச்சு சார் இது, கடலாண்ட நின்னுகினு?” என்றாள். நான் பல்லை இளித்துச் சமாளித்தேன். அவன் ஒப்புக்கொண்டான்.

வேடம் சொல்லிக் கொடுக்கும்போது, கடலில் போட்டுக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவனிடம் கேட்டேன். லுங்கியையோ துண்டையோ துடுப்பு நுனியில் கட்டித் தூக்கி ஆட்டுவோம் என்றான். கரையில் அதைக் கண்டவர் யாராக இருந்தாலும், சோற்றில் கை வைத்திருந்தாலும், அப்படியே எழுந்து ஓடி வந்து போட்டைத் தள்ள வேண்டும். முகம் கொடுத்துப் பேசாத பகையாளியாக இருந்தாலும் ஓட வேண்டும். அந்தக் குப்பத்தில் அதுதான் வழக்கம். கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. அடடா, இதுதான் என் காட்சி!

“வாணாம் சார்,” என்றாள் அவன் மனைவி. “அது சும்மா தூக்குற துணி இல்ல. அத்த வெச்சி வெளாடக் கூடாது.”

“விளையாட்டு இல்லம்மா, சினிமா,” என்றேன். என் வாய்க்கு அன்றைக்கு யாராவது பூட்டுப் போட்டிருக்கலாம்.

முதல் நாள் ஒத்திகையில் அவன் துணியைத் தூக்கியதும் குப்பமே ஓடி வந்தது. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள், தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த பெண்கள், அரைத் தூக்கத்தில் இருந்தவர்கள், எல்லோரும். இரண்டு போட்டைத் தண்ணீரில் தள்ளியே விட்டார்கள். “ஷூட்டிங்கு, ஷூட்டிங்கு!” என்று கத்திக் கத்தி என் ஆட்களுக்குத் தொண்டை கட்டிவிட்டது. இரண்டாம் நாள் பாதிப் பேர் ஓடி வந்தார்கள். ஃபிரேமுக்குள் தலை தலையாக விழுந்து நாலு டேக் வீணானது. நான் மைக்கைப் பிடுங்கிக் காட்டுக் கத்தல் கத்தினேன். “அவன் துணியத் தூக்கினா ஒருத்தரும் அசையக் கூடாது! புரியுதா? ஒருத்தரும்!” மூன்றாம் நாள் ஒருவரும் அசையவில்லை. மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி வேடிக்கை பார்த்தார்கள். ஒரு குப்பத்தையே பழக்கிவிட்டேன் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்த மூன்றாம் நாள்தான், மாலை நாலு மணி வெயிலில், அது நடந்தது. காவலுக்கு வைத்திருந்த போட் ஃபிரேமின் ஓரத்தில் தெரிந்தது என்று அதைப் பாறைக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டேன். வாக்கி டாக்கியில் நான் ‘கட்’ சொன்ன பிறகு வந்தால் போதும் என்று அவர்களுக்கு உத்தரவு. அவன் தனியாகத் தூரத்தில் போட்டில் நின்றான். கேமராவில் நீளமான லென்ஸ், அவன் முகத்தை அருகில் காட்டும். கரையில் குடைக்குக் கீழே மானிட்டர், அதற்கு முன்னால் நான். எனக்கு இரண்டடி பின்னால் அவன் மனைவி நின்றிருந்தாள்.

நான் சிவப்புக் கொடி காட்டிய பிறகுதான் அவன் துணியைத் தூக்க வேண்டும். கொடி காட்டும் முன்பே தூக்கினான். முட்டாள், அவசரப்படுகிறானே என்று பல்லைக் கடித்தேன். ஆனால் பார்க்க நன்றாக இருந்தது. முந்தைய நாட்களைப் போல இல்லாமல் தாறுமாறாக, வேகமாக ஆட்டினான். “பிரமாதம், ஓடட்டும்,” என்றேன் கேமராமேனிடம். போட்டின் அடியில் இருந்த அடைப்பு கழன்று உள்ளே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. போட் கவிழ்வதை வேறொரு நாள், ஆழமில்லாத இடத்தில் எடுப்பதாகத் திட்டம். அலை அன்றைக்கே கவிழ்த்துவிட்டது. அவன் தண்ணீருக்குள் போனான், மேலே வந்தான். ஒரு கை கவிழ்ந்த போட்டின் விளிம்பைப் பிடித்திருந்தது. வலைக் கயிறு காலில் சுற்றி அவனைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. கரையில் குப்பத்து ஆட்கள் அசையவில்லை. ஒருவர் கைகூடத் தட்டினார்.

அப்போது அவன் லென்ஸைப் பார்த்தான். “லென்ஸைப் பார்க்காதே, பார்க்காதே” என்று மூன்று நாளாக நான் அவன் உயிரை எடுத்திருந்தேன். ஒரு தடவைகூட அவன் பார்த்ததில்லை. இப்போது நேராகப் பார்த்தான். வாய்க்குள் தண்ணீர் போய்ப் போய் வந்தது.   மானிட்டரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடலையே பார்த்துக்கொண்டிருந்த அவன் மனைவி குனிந்து மானிட்டரைப் பார்த்தாள். “அய்யோ, அது நெசம்!” என்று அலறிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். ஒயரில் கால் தடுக்கி விழுந்து, எழுந்து, புடவையோடு கேமராவுக்கு நேராகத் தண்ணீரில் இறங்கினாள். நான் “கட்! கட்! கட்!” என்று கத்தினேன். அதற்குப் பிறகுதான் குப்பம் எழுந்தது. எழுந்த பிறகு அவர்களைப் பிடிக்க முடியுமா? காவல் போட் வந்து சேரும் முன்பே நாலு பேர் நீந்திப் போய்க் கயிற்றை அறுத்துவிட்டார்கள்.

அவனுக்கு நினைவில்லை. ஆம்புலன்ஸ் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. பின்னால் என் கார். மலைக்கோயில் தெரிந்ததும் கை தானாகக் கும்பிட்டது. என்ன வேண்டினேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. அவன் பிழைக்க வேண்டும் என்பதுதான் முதலில் வந்தது, சத்தியமாக. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போலீஸ், பேப்பர், படம் நின்றுவிடுமோ, என் பெயர் நாறிவிடுமோ என்று எல்லாம் வரிசையாக வந்தன. ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாமல் ஒரு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னை நோயாளி என்று நினைத்து யாரோ உள்ளே தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார்கள்.

அவன் பிழைத்தான். இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்து, “நாஸ்தா இன்னா சார்?” என்று கேட்டான். அவன் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “நீங்க கத்தலைன்னா ஒருத்தரும் எழுந்திரிச்சிருக்க மாட்டாங்க சார். நீங்க நல்லா இருக்கணும்,” என்றாள். நாஸ்தா வாங்கி வருகிறேன் என்று கையை உருவிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று மாதம் கழித்து எடிட்டர் என்னைத் தனியாக வரச் சொன்னார். படப்பிடிப்பில் நான் எப்போதும் சட்டையில் ஒரு மைக் மாட்டியிருப்பேன். என் குறிப்புகள் பதிவாக வேண்டும் என்பதற்காக. அவன் லென்ஸைப் பார்க்கும் இடத்தில் அந்த மைக்கில் என் குரல் விழுந்திருந்தது. “நெசமாவே முழுவுறான்டா,” என்று மெதுவாகச் சொல்கிறேன். அதற்குப் பிறகு என் மூச்சு மட்டும் கேட்கிறது. அப்புறம் அவன் மனைவியின் அலறல். அதற்கும் பிறகுதான் ‘கட்’.

“பதினோரு செகண்டு சார்,” என்றார் எடிட்டர்.  என் குரலை அழித்துவிட்டு, காபி குடித்து வருவதாகச் சொல்லி எழுந்து போனார். 

அந்த ஷாட்டைப் படத்தில் வைத்தேன். ஆமாம், வைத்தேன். படம் முந்தைய நாலையும்விட நன்றாக ஓடியது. அந்த முகத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். மேடைகளில், “அந்த நடிப்பை எப்படி வாங்கினீர்கள்?” என்று கேட்டபோதெல்லாம் ஏதோ உளறிவிட்டு இறங்கினேன். அவன் எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்க மாட்டேன். எடிட்டர் யாரிடமாவது சொல்லிவிடுவாரோ என்று ஒரு பக்கம் பயம். இன்னொரு படத்தில் இன்னொருவன் முழுகினால் எத்தனை நொடி உட்கார்ந்திருப்பேன் என்ற பயம் அதைவிடப் பெரிது. அடுத்த படத்தின் முதல் நாள், நடிகை வசனத்தை முடிக்கும் முன்பே நான் ‘கட்’ சொல்லிவிட்டேன். யூனிட்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

ஒரு வருடம் கழித்து, தாங்க முடியாமல் ஒரு காலையில் டிரைவர் இல்லாமல் நானே காரை எடுத்துக்கொண்டு குப்பத்துக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் வலை தைத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி அரிவாள்மனையில் சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். “வாங்க சார், வாங்க சார்!” என்று நாற்காலி போட்டார்கள். படம் பார்க்க ஊரே வேன் பிடித்துப் போன கதையை இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

“அடுத்த படத்துல எனுக்கு வேசம் உண்டா சார்?” என்றான். “மறுக்கா முழுவச் சொன்னாலும் முழுவுறேன்.”

“சும்மா இருய்யா,” என்றேன்.

“நெசமாத்தான் சார். அன்னிக்கி எப்டி கைய வுடாம புடிச்சிகினு இருந்தேன் தெரியுமா? இங்க யாரும் அசைய மாட்டாங்கன்னு தெரியும், நீங்கதான் சொல்லிட்டீங்களே. ஆனா நீங்க டிவி பொட்டியில என் மூஞ்சியப் பாத்துகினு கீறீங்க இல்ல? சார் கண்ணுக்கு ஒரு ஈகூடத் தப்பாது, நேராப் பாத்தா புரிஞ்சிக்குவாருன்னுதான் லென்ஸப் பாத்தேன். அந்த தைரியந்தான் சார்.”

அதற்கு மேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து நின்றேன். சொல்லாமலே வண்டியேறிவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

“எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு தம்பி,” என்றேன். “ஆனா உடனே ‘கட்’ சொல்லல. பதினோரு செகண்டு சொல்லாம இருந்தேன். ரெக்கார்டுல இருந்துச்சு.”

அவன் வலையில் இருந்த கையை எடுக்காமல் என்னைப் பார்த்தான். அவன் மனைவி அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தாள்.

“பதினொண்ணா?” என்றாள்.

தலையாட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தபடி எண்ண ஆரம்பித்தாள். “ஒண்ணு. ரெண்டு. மூணு.” அவசரமில்லாமல், ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூச்சு விட்டு. ஐந்து வந்தபோதே பதினொன்றும் முடிந்திருக்கும் என்று நினைத்தேன்.  ஏழில் அவன், “போதும் வுடு,” என்றான். அவள் நிறுத்தவில்லை.  ஒன்பதில் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

“பத்து. பதினொண்ணு.” கையைப் புடவையில் துடைத்தாள். “பதினொண்ணுல இன்னா ஆச்சி சார்? அப்ப மட்டும் எதுக்கு ‘கட்டு’ன்னு கத்துனீங்க?”

இரக்கம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள்.

“நீ ஃபிரேமுக்குள்ள வந்துட்டம்மா,” என்றேன்.