ஃபோர்மேன் முக்கிய கோழி

நாராயணபெருமாளுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று இருந்தால், அது இன்னும் அஞ்சுகிராமம் பக்கம் வந்து சேரவில்லை என்று அர்த்தம். மஸ்கட்டில் இருபது வருடம் எலக்ட்ரிக்கல் ஃபோர்மேனாக இருந்தவர். ஊருக்குத் திரும்பி ஆறு வருடமாகியும் தெருவில் அவர் பெயர் ஃபோர்மேன்தான். மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை என்றாலும், வாழை இலை மஞ்சளாகிறது என்றாலும், மகளை எந்தக் காலேஜில் சேர்ப்பது என்றாலும் அவரிடம் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் இருக்கும்.

இதில் அவருக்குத் தனிக் கீர்த்தி, அடைக்கோழியைத் தெளிய வைப்பதில். முட்டையிடுவதை நிறுத்திவிட்டு, கூடையே கதியென்று நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும் கோழி அடைக்கோழி. குஞ்சு பொரிக்க வைக்கிற உத்தேசம் இல்லையென்றால், பச்சைத் தண்ணீரில் வயிறு நனைய மூன்று தடவை முக்கி எடுப்பார்கள். சூடு தணிந்து கோழி எழுந்து மேயப் போய்விடும். எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் ஃபோர்மேன் கை பட்டால் ஒரே முக்கில் தெளியும் என்று யாரோ கிளப்பிவிட, அவரும் அதை நம்பிவிட்டார்.

அவர் மனைவி செல்லக்கனி அதிகம் பேசமாட்டாள். அவர் வெளிநாட்டில் இருந்த காலத்தில் வீடு கட்டியது அவள், மகளைக் கட்டிக் கொடுத்தது அவள். அவர் வந்து இறங்கிய மறுநாளிலிருந்து தேங்காய் வெட்டுகிற தேதி முதற்கொண்டு அவர் தீர்மானம். சண்டை போடவும் அவளுக்கு அலுப்பு. பேச வேண்டியதையெல்லாம் கோழிகளிடம் பேசிக்கொண்டாள். ஆறு கோழிகளில் செம்பி என்ற சிவப்புக் கோழிதான் நெருக்கம். அடுக்களைக்குள்ளேயே வந்து அவள் உள்ளங்கையில் சோறு தின்னும்.

போன வெள்ளிக்கிழமை காலையில் செம்பி கூடையை விட்டு எழவில்லை.

“அடைதான்,” என்றார் ஃபோர்மேன், தூரத்தில் நின்றபடியே.

“அடைக்கோழின்னா கைய நீட்டுனா சீறிட்டுக் கொத்த வருமே. இவ சத்தமே காட்டல. வாலு வேற ஏறி ஏறி எறங்குது, பாருங்க,” என்றாள் செல்லக்கனி.

“ஏட்டி, நான் பாக்காத கோழியா?”

அத்தோடு பேச்சு முடிந்தது. தொட்டித் தண்ணீரில் மூன்று முறை முக்கினார். போதாதென்று இன்னொரு முறையும். சாயங்காலம் செம்பி சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள் காலையில் காலை அகட்டி, வாலைத் தொங்கப்போட்டு, கண்ணை மூடியபடி நின்றது. செல்லக்கனி கோழியைத் துவர்த்துத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். எங்கே என்று கேட்க அவருக்கே தைரியம் வரவில்லை. நேராகக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு வண்டியை விட்டார்.

டாக்டர் அபிதா சின்ன வயது. கையுறை போட்டு, விரலில் எண்ணெய் தடவிப் பதமாகச் சோதித்துப் பார்த்தாள்.

“இது அடை இல்ல. முட்டை வழியில மாட்டிட்டிருக்கு. பெரிய முட்டை. உடம்புல கால்சியம் கொறஞ்சா வெளிய தள்ளப் பெலன் இருக்காது. ரெண்டு நாள் இப்பிடியே கெடந்தா கோழி செத்துரும்.” பிறகு இறகைத் தடவிப் பார்த்து, “ஏன் இவ்வளவு குளுந்து கெடக்கு? தண்ணியில முக்குனீங்களா?” என்று கேட்டாள்.

“நான்தாம்மா முக்குனேன். அடைன்னு நெனச்சிட்டேன்,” என்றாள் செல்லக்கனி.

டாக்டர் பிடித்துக்கொண்டாள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கோழி இன்னும் சோர்ந்துபோகும், முக்குவதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா, இத்தனை வருடம் கோழி வளர்க்கிறவர்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று நல்ல திட்டு. செல்லக்கனி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஃபோர்மேனுக்குக் காது சூடேறியது. தன் வீட்டுக்காரி தனக்காகப் பேச்சு வாங்குவதை அவர் அன்றுதான் நேரில் பார்த்தார். அவமானமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

“அவ இல்ல டாக்டர்,” என்றார். “நான்தான் முக்குனேன். அவ அடை இல்லன்னுதான் சொன்னா.”

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கால்சியம் ஊசி போட்டாள். வெதுவெதுப்பான தண்ணீரில் இருபது நிமிடம் உட்கார வைத்து, துடைத்து, இருட்டான மூலையில் விட வேண்டும். இடைவிட்டு மறுபடி செய்ய வேண்டும். வயிற்றை அமுக்கக் கூடாது, முட்டை உள்ளே உடைந்தால் பிழைக்காது. சாயங்காலத்துக்குள் வராவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றாள்.

வீட்டில் ஃபோர்மேனே அடுப்பைப் பற்றவைத்தார். வாயகன்ற வட்டையில் தண்ணீரை ஊற்றிவிட்டு, “இந்தச் சூடு போதுமா?” என்று கேட்டார். செல்லக்கனி முழங்கையை விட்டுப் பார்த்து, “இன்னும் கொஞ்சம் பச்சத்தண்ணி ஊத்துங்க,” என்றாள். ஊற்றினார். “இப்ப?” என்றார். கோழியை எப்படிப் பிடிப்பது, எப்போது எடுப்பது, எந்தத் துணியால் துடைப்பது என்று ஒவ்வொன்றும் கேட்டார். அவளும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் தடவையும் இல்லை. மத்தியானம் இருவரும் சாப்பிடவில்லை.

மூன்றாம் தடவை, நாலு மணி இருக்கும். செம்பி உடம்பை இறுக்கி ஒரு முக்கு முக்கியது. அவர் கைக்குள் ஏதோ வழுக்கி விழுந்தது. தண்ணீரில் பெரிய முட்டை ஒன்று, ஓடு சொரசொரவென்று. ஃபோர்மேன் கோழியைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். செல்லக்கனி கோழியை வாங்கித் துடைத்தாள். முந்தானையில் அவர் முகத்தையும் துடைத்துவிட்டாள்.

நாலு நாள் கழித்து, ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெர்லின் போன் செய்தார். “ஃபோர்மேன் அண்ணாச்சி, எங்க கோழி ரெண்டு நாளா கூடைய விட்டு எந்திக்கல. செத்த நேரம் வந்து முக்கித் தாருங்களேன்.”

ஃபோர்மேன் முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த செம்பியைப் பார்த்தார்.

“எனக்கு அது சரியாத் தெரியாது மக்கா. ஒங்க மதினிட்ட குடுக்கேன்,” என்றார்.

செல்லக்கனி ஈரக்கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். “தண்ணியில முக்கிராதிய. நான் வந்து பாக்கேன்,” என்று சொல்லி வைத்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் வாசலில் இறங்க, அவர் தயங்கி நின்றார்.

“நானும் வரணுமா?”

“பின்ன? வண்டிய யாரு ஓட்டுவா?”