எங்கள் குறும்படத்தில் தூள் விற்றவன்

செய்தி வாசிப்பவர் வாயைத் திறக்கும் முன்பே நான் தொலைக்காட்சியைத் திட்டத் தொடங்கிவிடுவேன். நகரத்தில் எங்காவது ஒரு கைப்பை பறிபோனால் போதும், எங்கள் பக்கத்து அடுக்குமாடிகளையும், தொப்பி வைத்த சட்டை போட்ட கறுப்பு இளைஞர்களின் முதுகுகளையும் காட்டுவார்கள். முகம் கிடையாது, முதுகு மட்டும். படங்களிலும் அப்படித்தான். கறுப்புப் பையன் ஒருவன் வந்தால் ஐந்து நிமிடத்தில் ஓடுவான், பின்னால் பொலிஸ் ஓடும். “இவங்களுக்கு வேறை வேலையே இல்லையோ?” என்று கத்துவேன். மனைவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வாள். தொலைக்காட்சியின் சத்தத்தையல்ல, என்னுடையதை.

இவ்வளவு வாய் காட்டிய நான் பார்த்த வேலையைக் கேளுங்கள்.

இரண்டாயிரத்துக்குச் சில ஆண்டுகள் பிந்திய ஒரு வருடம். நோர்வேயில், ஒஸ்லோவின் ஓரத்திலுள்ள எல்லிங்ஸ்ருட்டில் எங்களுக்குக் கீழ்மாடியில், ஆபிரிக்காவின் காம்பியாவிலிருந்து வந்த ஒரு தாயும் மகனும் இருந்தார்கள். மகன் ஒஸ்லோவில் பிறந்தவன், என் மகனோடு ஒரே வகுப்பு. எனக்கு வரும் அரசாங்கக் கடிதங்களை என் மகனைவிடப் பொறுமையாக விளக்குவான். அந்த ஓகஸ்டில் பொறியியல் படிக்க வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகருக்குப் போக இருந்தான். ஈஸ்டர் விடுமுறையில் அங்கே அறை தேடிப் போனான். தொலைபேசியில் வரச் சொன்னவர்கள், கதவைத் திறந்து ஆளைப் பார்த்ததும், அறை இப்போதுதான் போய்விட்டது என்றார்களாம். தாய் இதைச் சொல்லும்போது எனக்கு இரத்தம் கொதித்தது. துரொண்ட்ஹெய்மில் என் பள்ளித் தோழன் வீடு வாங்கியிருந்தான். அதன் கீழ்த்தளத்தில் ஓர் அறை சும்மா கிடந்தது. எங்கள் ஆட்களுக்குள் இதெல்லாம் ஒரு போனில் முடிகிற காரியம். “மகனின்ரை சிநேகிதன், நல்ல பொடியன்” என்றேன். “அனுப்பு மச்சான்” என்றான். நீங்கள் யோசிக்கவே வேண்டாம் என்று தாயிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

அதே வசந்த காலத்தில் நாங்கள் ஒரு குறும்படம் எடுத்தோம். நாங்கள் என்றால், வார இறுதிகளில் ஒரு கமராவோடு அலைந்த நாலைந்து யாழ்ப்பாணத்தார். கதை என்னுடையது. நல்ல தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை ஒருவன் போதைப் பழக்கத்தில் விழுந்து, தாயின் கண்ணீரைக் கண்டு திருந்துகிறான். தூள் விற்பவனாக யாரைப் போடுவது?

“எங்கடை பொடியனைப் போட்டால் சனம் மண்டபத்துக்குள்ளையே சண்டைக்கு வரும், அண்ணை. வெள்ளையனைப் போட்டால் நம்பாது” என்றார் இயக்கிய தம்பி. “உங்கடை கீழ்வீட்டுப் பொடியன் இருக்கிறான் எல்லோ?”

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. எழுதும்போதே எனக்கும் அந்த முகம்தான் தோன்றியிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கீழே போய்க் கேட்டேன். வேறு வேடம் ஏதும் இல்லையா என்றான். அடுத்த படத்தில் பார்ப்போம் என்றேன். அறை எடுத்துத் தருகிறவன் கேட்டால் அவன் எப்படி மறுப்பான்? சரி என்றான்.

படத்தை ஒரு பாடசாலை மண்டபத்தில் காட்டினோம். படத்தில் வேலை செய்தவர்களைக் குடும்பத்தோடு அழைப்பதுதானே மரியாதை? தாயையும் மகனையும் முன்வரிசையில் உட்காரவைத்தேன். தாய் பெருநாளுக்கு வருவதுபோல் உடுத்தி வந்திருந்தார். கதாநாயகன் அந்தப் பையனைச் சுவரோடு சாத்தி அடிக்கும் காட்சியில் மண்டபம் கை தட்டியது. சின்னப் பிள்ளைகள் விசில் அடித்தார்கள். முடிந்ததும் நான் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு தாயின் முன்னால் போய் நின்றேன்.

“படத்தில் எல்லோருக்கும் வீடு காட்டினீர்கள். என் மகனுக்கு மட்டும் ஏன் வீடு இல்லை?” என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார். கோபமாகக்கூட அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நேரம் போதவில்லை என்று உளறினேன்.

படத்தின் டிவிடி பேர்கன், துரொண்ட்ஹெய்ம் நகரத் தமிழர்களுக்கும் போனது. நல்ல வரவேற்பு என்றார்கள்.

ஓகஸ்டில், புறப்பட நாலு நாள் இருக்கையில், தோழனுக்குப் போன் எடுத்தேன். எடுத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்தேனா? “உனக்கு ஆளைத் தெரியும். எங்கடை படத்திலை நடிச்சவன்தான்” என்று பெருமை அடித்தேன்.



“ஆர், அந்தத் தூள்காரனோ?”

“மச்சான், அது படமடா. நான் எழுதினது.”

“ஓம், ஓம், விளங்குது. எண்டாலும் வீட்டிலை ரெண்டு குமர்ப் பிள்ளையள். இஞ்சை எல்லாச் சனமும் படத்தைப் பாத்திட்டுது. என்னைத்தான் கேப்பினம்.” பிறகு, என்னைச் சமாதானப்படுத்துவது போல, “வேறை ஆரும் எண்டால் அனுப்பு” என்றான்.

கத்தினேன். தொலைக்காட்சியைப் பார்த்துக் கத்திய அதே வசனங்களைத்தான் கத்தினேன். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டுப் போனை வைத்தான்.

கீழ்மாடிக்கு இறங்கினேன். பையன் வீட்டு வாசலில் குந்தியிருந்து புத்தகப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். அறை போய்விட்டது என்று மட்டும் சொல்லத்தான் நினைத்தேன். அந்த வசனத்தை அவன் ஏற்கெனவே கேட்டவன் என்பதால் முழுவதையும் சொன்னேன்.

அவன் டேப்பைக் கீழே வைத்தான்.

“அவ்வளவு நன்றாகவா நடித்தேன்?” என்றான்.