குதிகாலில் எடுத்த ரத்தம்

என் மகள் பிறந்த மூன்றாம் நாள், மருத்துவமனையிலிருந்து கிளம்பும் முன், நர்ஸ் ஒருத்தி அவள் குதிகாலில் ஊசியால் குத்தி, நாலைந்து சொட்டு ரத்தத்தை ஓர் அட்டையில் ஒற்றி எடுத்தாள். எதற்கு என்று கேட்டேன். எல்லாக் குழந்தைக்கும் செய்வதுதான் என்று சொல்லி, என் செல்பேசி எண்ணைக் குறித்துக்கொண்டாள். மர்பி டவுன் வீட்டுக்கு வந்ததும் அதை மறந்தேபோனேன்.

நான் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரு வாரம் கழித்து, மெஷின் ஒன்று பழுதாகி நின்றிருந்த நேரத்தில் அந்த அழைப்பு வந்தது.

“சார், பாப்பு ரிப்போர்ட் பந்திதே. ஒந்து சல கர்கொண்டு பன்னி,” என்றது ஒரு பெண் குரல், கன்னடத்தில். ரிப்போர்ட் வந்துவிட்டதாம், குழந்தையை ஒருமுறை தூக்கி வர வேண்டுமாம், திரும்ப ரத்தம் எடுக்க வேண்டுமாம்.

“நோடோண மேடம்,” பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். பிரசவ பில் போதாதென்று இன்னொரு டெஸ்ட்டுக்கு இழுக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் அதே எண் இரண்டு முறை வந்தது. கிரெடிட் கார்டு வேண்டுமா என்று கேட்கிற எண்களைத் தடுத்து வைப்பதுபோல அதையும் தடுத்துவிட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரியை எதற்கு அலையவிடுவது என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணமும் சொல்லிக்கொண்டேன்.

குழந்தை தூங்கிக்கொண்டே இருந்தாள். பாலுக்குக்கூட உள்ளங்காலைச் சுண்டி எழுப்ப வேண்டியிருந்தது. அழுதால் கரகரவென்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். “எங்க பாப்பா தொந்தரவே குடுக்காது,” என்று ஷிப்டில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

“ஏங்க, மூணு நாளா வெளிக்கே போகல. கண்ணு இன்னும் மஞ்சளாவே இருக்குது,” என்றாள் மனைவி ஒருநாள்.

“தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு அப்படித்தான் இருக்கும்,” என்றேன். யாரோ சொல்லிக் கேட்டது. அந்த நொடியில் எனக்கு அந்த ஃபோன் நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசைதான். வந்தது.

இரண்டாவது தடுப்பூசிக்குப் போனபோது குழந்தைக்குப் பத்து வாரம். அல்சூரில் கிளினிக் வைத்திருந்த குழந்தை டாக்டரம்மா ஊசியைக் கையில் எடுக்கவே இல்லை. குழந்தையின் வெளியே துருத்திய நாக்கையும் உப்பிய தொப்புளையும் பார்த்துவிட்டு, “பிறந்தப்போ குதிகால்ல ரத்தம் எடுத்தாங்களா? ரிப்போர்ட் என்ன ஆச்சு?” என்று கேட்டார்.

“யாரும் ஒண்ணும் சொல்லலையே டாக்டர்,” என்றாள் மனைவி.

அன்றே ரத்தம் கொடுத்தோம். மறுநாள் டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். “கழுத்துல இருக்கிற தைராய்டு சுரப்பி இவளுக்கு வேலை செய்யல. அது சுரந்தாத்தான் குடிக்கிற பால் உடம்புக்குச் சக்தியா மாறும். மூளை வளர்றதுக்கும் அதுதான் வேணும். முதல் ரெண்டு மூணு வருஷம் ரொம்ப முக்கியம். ரெண்டு வாரத்துக்குள்ள மாத்திரை ஆரம்பிச்சிருந்தா கவலையே இல்ல. இப்பவாவது வந்தீங்களே.”

மனைவி அங்கிருந்து நேராகப் பிரசவம் பார்த்த மருத்துவமனைக்கு ஆட்டோ பிடித்தாள். கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்தவள். நியாயம் கேட்கப் பயப்படமாட்டாள். “எம் பொண்ணு மூளையோட விளையாடுறீங்களா? ஒரு ஃபோன் பண்ண உங்களுக்குக் கை இல்லையா?” என்று அந்த நர்ஸைப் பிடித்து உலுக்காத குறையாகக் கத்தினாள். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

நர்ஸ் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினாள். மூன்று அழைப்புகள். முதலாவதற்கு நேராக, தகப்பனிடம் சொல்லியாயிற்று என்று இருந்தது.

“பொய். எங்க வீட்டுக்காரர் அப்படிப்பட்டவர் இல்ல,” என்றாள் மனைவி.

நர்ஸ் என்னைப் பார்த்தாள். இன்னும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பித்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பிறகு, “எனக்குத்தான் வந்துச்சு,” என்றேன்.

மனைவி திரும்பி நடந்துபோய் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள். ஆட்டோவை விட்டு இறங்கும்போது, “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நடந்தேகூடப் போயிருப்பேன்,” என்றாள்.

மறுநாள் தனியாகப் போய் நர்ஸிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “மாத்ரே ஷுரு மாடித்ரா சார்?” என்று மட்டும் கேட்டாள். மாத்திரை தொடங்கியாயிற்று என்றேன். சந்தோஷம் என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணை அழைக்கத் தொடங்கினாள்.

மாத்திரை தொடங்கிய சில நாட்களில் மகள் பசிக்கு வீறிட்டு அழுதாள். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். இப்போது மகளுக்கு ஐந்து வயது. நடை, பேச்சு எல்லாம் தாமதமாக வந்தாலும் வந்துவிட்டன. எண்களில் இன்னும் தடுமாறுகிறாள். ஏழுக்குப் பிறகு ஒன்பதுக்குத் தாவிவிடுகிறாள். அது அந்தப் பத்து வாரத்தாலா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். “எல்லாக் குழந்தையும்தான் தடுமாறும். இது எதனாலன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது,” என்றார். அவள் ஏழில் நிற்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு முகம் சுடுகிறது.

தினமும் வெறும் வயிற்றில் மாத்திரை கொடுப்பது மனைவிதான். போன மாதம் மகள், “நான் மட்டும் ஏம்மா முழுங்கணும்?” என்று கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தோம். அவள் விளையாடப் போன பிறகு மனைவி என்னிடம் சொன்னாள்:

“பெரியவளானா முழுசாக் கேப்பா. அப்ப நீங்கதான் சொல்லணும். நான் சொல்லமாட்டேன்.”

சரி என்றேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை.